கலைப்பட்டம் கடைசிப் புகலிடமா?

குஷாய்குடாவில் கோடை வந்துவிட்டது என்பதை வெயில் அறிவிக்கும் முன்னரே விளம்பரப் பலகைகள் அறிவித்து விடுகின்றன. ஈ.சி.ஐ.எல். நாற்சந்தியிலிருந்து பேருந்துப் பணிமனை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். அஞ்சல்தலை அளவில் நூறு பிள்ளைகளின் முகங்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் ஓர் எண். பெயரைவிட எண்ணே பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பலகையில் இடம்பெறாத பிள்ளையின் வீட்டில் அடுப்பு எரியும்; ஆனால் பேச்சு எழாது. உறவினர் தொலைபேசியில் கேட்பர்: "ரேங்க் என்ன?" தயங்கித் தயங்கி விடை வரும்: "பி.ஏ. சேர்க்கலாம் என்று இருக்கிறோம்." மறுமுனையில் ஒரு சிறு அமைதி. பிறகு, இழவு வீட்டில் சொல்வது போன்ற குரலில், "பரவாயில்லை, விடுங்கள்" என்பர்.

இந்தப் 'பரவாயில்லை' என்னும் சொல்லோடு வழக்காடவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

வரலாறும், பொருளியலும், அரசியலும், சமூகவியலும், இலக்கியமும், மெய்யியலும் பயிலும் இளங்கலைப் படிப்பு, பிற வாயில்கள் எல்லாம் அடைபட்ட பின் நுழையும் புழக்கடை வாயிலா? அன்று என்பது எம் கருத்து. அது மட்டுமன்று, அதைப் புழக்கடையாக்கிய குற்றம் கல்லூரிகளைச் சார்ந்ததைவிட நம் வீடுகளைச் சார்ந்தது என்பதும் எம் கருத்து. இதைச் சொல்லும் தகுதி எமக்கு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, அக்குற்றத்தை யாமே செய்தோம்.

யாம் செய்த பிழை

யாம் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். எம் தந்தையார் காவிரிக் கரையிலிருந்து இவ்வூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பொருத்துநராக வந்தவர். மகன் பொறியாளனாக வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. நுழைவுத் தேர்வில் யாம் தவறினோம். 1990களின் இறுதியில் பி.ஏ. சேர்ந்தோம். ஆகவே, கடைசிப் புகலிடமாகக் கலைக்கல்லூரியுள் புகுந்தவருள் யாமும் ஒருவர்.

சென்ற கோடையில் எம் மகள் இண்டர்மீடியட் முடித்தாள். எம்.பி.சி.தான் படித்திருந்தாள், வரலாறு, பொருளியல், குடிமையியல் சேர்ந்த எச்.இ.சி. பிரிவு உள்ள இளநிலைக் கல்லூரியை அருகில் தேடிக் களைத்ததால், கிடைத்ததில் சேர்த்திருந்தோம். கணக்கில் நல்ல மதிப்பெண்ணே பெற்றாள். பெற்ற பின் வந்து நின்று, "அப்பா, எனக்குப் பி.ஏ. படிக்க வேண்டும். வரலாறும் பொருளியலும்" என்றாள்.

யாம் சொன்னது இது: "நானும் பி.ஏ. தான் அம்மா. என்ன ஆனேன்? குமாஸ்தா ஆனேன்."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. நெடுநேரம் கழித்து, "நீங்கள் எழுதும் குறிப்பைத்தான் உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கேட்டு வாங்கிப் போகிறார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே, அதை எங்கே கற்றீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். விடை சொல்ல இயலவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை.

விடை இப்போது சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கைம்பெண் ஒருவரின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு எம் மேசைக்கு வந்தது. கணவரின் பணிப்பதிவேட்டில் அம்மையார் பெயருக்கு முன் கணவர் பெயரின் தலையெழுத்து; பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் தலையெழுத்து; இங்கு வந்தபின் எடுத்த அட்டையிலோ, தெலுங்கு வழக்கப்படி குடும்பப்பெயர் முன்வர வேண்டும் என்று எவரோ நிரப்பிய ஊர்ப்பெயர். கணிப்பொறி மூவரும் வெவ்வேறு ஆள் என்றது. கூர்மதி படைத்த இளைஞர்கள் சிலரும் அதையே சொல்லிக் கோப்பைத் திருப்பினர். தமிழர் பெயரிடும் முறை என்ன, தெலுங்கர் முறை என்ன, ஒரு பெண்ணின் பெயர் திருமணத்தாலும் குடிபெயர்வாலும் எங்ஙனம் மாறுகிறது என்பதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதி, உரிய சான்றுகளைக் கேட்டுப் பெறும்படி குறிப்பு வைத்தோம். ஓய்வூதியம் கிடைத்தது. அந்த ஒன்றரைப் பக்கத்தை எமக்கு எழுதத் தந்தது பி.ஏ. வகுப்பு. ஓர் ஆவணத்தை நம்புமுன் யார் எழுதியது, எப்போது, எதற்காக என்று வினவும் பழக்கம் வரலாற்று வகுப்பில் வந்தது. பெயர் என்பது வெறும் எழுத்தன்று, ஒரு சமூக ஏற்பாடு என்னும் அறிவு சமூகவியல் பாடத்தில் வந்தது. இத்தனையும் பெற்றிருந்தும் மகளிடம் "என்ன ஆனேன்?" என்றோமே, அதுவன்றோ நன்றிகொன்ற செயல்!

இரு கண்களில் ஒன்று

எண்ணையும் எழுத்தையும் வள்ளுவப் பெருந்தகை இரு கண்களாக வைத்தார். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தினாரல்லர். நாமோ சங்க மேடையில் குறள் ஒப்பித்த குழந்தைக்குப் பரிசு தருகிறோம். அதே குழந்தை பதினேழு வயதில் அக்குறள் பிறந்த சமூகத்தைப் படிக்க விரும்பினால் பதறுகிறோம். பொங்கல் விழாவில் கரிகாலன் நாடகம் போடுகிறோம். கரிகாலனைப் பற்றி எது சான்று, எது கற்பனை என்று ஆராயும் படிப்பை 'உருப்படாத படிப்பு' என்கிறோம். தமிழ் வாழ்க என்று முழங்கும் வாயால், தமிழனை அறியும் கல்வி வீழ்க என்று சொல்லாமற் சொல்கிறோம். இதைவிட முரண் வேறு உண்டோ?

"கலைப்பட்டம் மதி குறைந்தார்க்கு" என்பாருக்கு ஒரு செய்தி. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார்: சி.வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும். தாமோதரம் பிள்ளை பெற்றது பி.ஏ. பட்டமே. பார்த்த வேலையோ அரசின் கணக்கு அலுவலகத்தில். கணக்கோடு மாரடித்த அந்த மனிதர்தாம் செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். அவர்க்கு எண்ணும் கண், எழுத்தும் கண்.

இன்னொருவரைக் காணுங்கள். வி. கனகசபைப் பிள்ளை அஞ்சல் துறையில் அலுவல் பார்த்தவர். இன்றைய சொல்லில் நடுவண் அரசு ஊழியர். ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர் வாழ்வைப் பற்றிச் சங்க நூல்களின் துணைகொண்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1904இல் வெளிவந்தது. அதன் கால வரையறைகளைப் பின்னாளில் வந்த அறிஞர் மறுத்ததுண்டு. ஆயினும், நமக்கும் ஒரு தொல்வரலாறு உண்டு என்பதை ஆங்கிலம் கற்ற உலகின் முன் வைத்த முன்னோடி நூல்களுள் அஃது ஒன்று. அலுவலகத்தில் அமர்ந்திருப்பதனால் மனிதன் சிறியவனாகி விடுவதில்லை என்பதற்கு இவ்விருவருமே சான்று. 'குமாஸ்தா ஆனேன்' என்று குறைப்பட்டுக்கொண்ட எம் போன்றோர் வெட்கித் தலைகுனிய வேண்டும்.

சோறு போடுமா?

அடுத்து எழும் வினா இதுவே. இதை எள்ளி நகையாடுவோர் பசி அறியாதவர். ஊரைவிட்டு வந்த குடும்பத்துக்கு நிலமில்லை, தோப்பில்லை. பிள்ளையின் படிப்பே நிலம், அதுவே தோப்பு. ஆதலின் பெற்றோரின் அச்சம் நேர்மையானது. ஆனால் அச்சம் நேர்மையானது என்பதனால் முடிவும் சரியானது ஆகிவிடாது.

பி.ஏ. படித்தவர் அனைவர்க்கும் வேலை கிடைக்கும் என்று யாம் சொல்லோம், அது பொய். பொறியியல் படித்தவர் அனைவர்க்கும் வேலை கிடைக்கிறது என்று நீங்களும் சொல்லாதீர்கள், அதுவும் பொய். நம் தெருக்களிலேயே, நான்கு ஆண்டுப் பொறியியல் முடித்து அதற்குத் தொடர்பில்லாத வேலைக்குப் போகும் பிள்ளைகளையும், பட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டு அமீர்ப்பேட்டையில் வேறொரு பயிற்சிக்குப் பணம் கட்டும் பிள்ளைகளையும் நாம் அறியோமா?

இன்னொரு வேடிக்கை. இந்தியக் குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குக் கணக்கிடப்படும் எழுத்துத்தாள்களின் மதிப்பெண் 1750. அதில் கட்டுரைக்கு 250; பொது அறிவுத்தாள் நான்குக்கு 1000; விருப்பப் பாடத்துக்கு 500. அந்தப் பொது அறிவுத்தாள்களின் பெரும்பகுதி எது? வரலாறு, புவியியல், அரசமைப்பு, பொருளியல், சமூகம், அறவியல். அதனாற்றான் பொறியியல் கற்ற இளைஞர் பலரும் அரசியலையும் சமூகவியலையும் மானிடவியலையும் விருப்பப் பாடமாக எடுத்து, இருபத்து மூன்று வயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகின்றனர். பதினெட்டு வயதில் விரும்பிக் கேட்டபோது 'வேண்டாம்' என்றோம். பின்பு அதே பாடத்துக்கு அசோக் நகர்ப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுகிறோம். 2015ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்ற டினா டாபி கல்லூரியில் அரசியல் பயின்றவர். 2021ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்ற சுருதி சர்மா வரலாறு பயின்றவர்.

பொறியியலின் கோயில்களே என்ன செய்கின்றன என்பதையும் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி. 2006இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்க்கு ஐந்தாண்டு எம்.ஏ. படிப்பைத் தொடங்கியது. நம் ஹைதராபாத் ஐ.ஐ.டி.யிலும் மானுடவியல் கலைகளுக்கெனத் தனித் துறை உண்டு. எந்திரம் கற்பிப்போர்க்கே மனிதனைக் கற்பிக்காமல் தீராது என்று தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

அரிசியும் பஞ்சமும்

சரி, வேலையை ஒருபுறம் வைப்போம். இக்கல்வியின் பயன்தான் என்ன?

1943இல் வங்கத்தில் பெரும் பஞ்சம். மாண்டவர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் என்பர். விளைச்சல் பொய்த்ததால் பஞ்சம் வந்தது என்றே உலகம் நம்பியது. அப்பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ணால் கண்ட அமர்த்தியா சென், 1981இல் வெளியிட்ட நூலில் வேறொன்றைக் காட்டினார். பஞ்சமில்லாத 1941ஆம் ஆண்டைவிட 1943இல் வங்கத்தில் உணவு தானியம் குறைந்துவிடவில்லை என்று கணக்கிட்டார். அரிசி இருந்தது; அதை வாங்கும் ஆற்றல்தான் கூலியாளிடமும் மீனவரிடமும் இல்லாது போயிற்று. போர்க்காலத்தில் விலை ஏறியது. கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. அரிசியை மிகுதியாக விளைவிக்கும் வழியை வேளாண் அறிவியல் சொல்லும். அரிசி இருந்தும் மனிதன் ஏன் சாகிறான் என்பதைச் சமூக அறிவியல்தான் சொல்லும். இவ்விரண்டில் எது வேண்டாதது? எதை நாம் தள்ளிவிட முடியும்?

அண்ணல் அம்பேத்கர் 1912இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரி வழியே பொருளியலும் அரசியலும் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். அதன் பின்னரே கொலம்பியாவும் இலண்டனும். தம்மை வகுப்பறையில் ஒதுக்கி அமர்த்திய சமூகத்தின் ஆணிவேரை அறியும் கருவியாகவே அவர் அப்பாடங்களைப் பற்றினார். அன்று எவரேனும் அவரிடம் "இது சோறு போடுமா?" என்று கேட்டு மடைமாற்றி இருந்தால், இழப்பு அவர் ஒருவர்க்கு மட்டுமா?

நம் கதையை எழுதப்போவது யார்?

இவ்வூர்த் தமிழராகிய நமக்கு இதில் தனியொரு பொறுப்பும் உண்டு.

செகந்திராபாத் 1806இல் நிசாம் சிக்கந்தர் ஜா பெயரால் அமைந்த பாசறை நகரம். சென்னைப் படையோடும் அதன் பின்னும் தமிழர் அங்கே வந்தனர்; வணிகராய், ஒப்பந்தக்காரராய், எழுத்தராய், தொழிலாளராய் நிலைத்தனர். பத்மாராவ் முதலியாரின் பெயர் ஒரு நகராகவே இன்றும் நிற்கிறது. பிறகு இரயில்வே வந்தது. 1967இல் ஈ.சி.ஐ.எல். தோன்றியது, 1971இல் அணு எரிபொருள் வளாகம் தோன்றியது, எம் தந்தையார் போன்றோரைக் குஷாய்குடாவும் மௌலாலியும் ஏற்றுக்கொண்டன. இக்கதையைத் தம் பிள்ளைக்குத் தொடர்ச்சியாகச் சொல்ல வல்லார் நம்முள் எத்தனை பேர்? நம் முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் கொண்டுவந்த தகரப்பெட்டியில் இருக்கும் கடிதங்களும், பணியாணைகளும், சீட்டுக் கணக்குகளும் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போகின்றன. ஒரு கடிதத்தைச் சான்றாகப் படிக்கவும், ஒரு பாட்டியிடம் முறையறிந்து கேட்டு எழுதவும் பயின்ற பிள்ளை ஒருவர் நம் நடுவே இருந்தால் அவை எடைக்குப் போகுமா?

நொபொரு கராஷிமா என்னும் ஜப்பானியப் பேராசிரியர் தமிழ் கற்று, சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்து, நம் முன்னோர் நிலத்தை எங்ஙனம் உடைமை கொண்டனர், ஊரை எங்ஙனம் ஆண்டனர் என்று தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். 2015இல் மறைந்தார். அவர்க்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தோக்கியோவில் பயின்ற ஒருவர்க்கு வாழ்நாள் முழுதும் ஆராயத் தக்கதாகத் தோன்றிய நம் பாட்டன் கதை, நம் பிள்ளைக்கு மூன்றாண்டு படிக்கவும் தகாததா?

இருக்கும் மண்ணை அறிவதும் இக்கல்வியின் பாற்பட்டதே. எம் வரலாற்று ஆசிரியர் ஒருநாள் எங்கள் எட்டுப் பேரை மௌலாலி மலையடிவாரத்துக்கு அழைத்துச் சென்றார். முட்செடி மண்டிய ஒரு தோட்டத்துள் மா லகா பாய் சந்தாவின் கல்லறை. 1824இல் மறைந்த அவர், உருதுவில் தம் கவிதைகளைத் தனித் தொகுதியாகக் கண்ட முதல் பெண்களுள் ஒருவர். அவ்விடம் பின்னாளில் சீரமைக்கப்பட்டது. பேருந்தில் நாள்தோறும் அம்மலையைக் கடந்து சென்ற எமக்கு, அன்றுதான் யாம் குடியிருக்கும் ஊர் ஊராகத் தெரிந்தது. அதுவரை அது தந்தையாரின் தொழிற்சாலைக்கு அருகில் உள்ள இடம், அவ்வளவே.

குறையும் உண்டு

கலைக்கல்லூரிகளில் குறையே இல்லை என்று வாதிட யாம் வரவில்லை. குறிப்பேட்டை ஓதும் ஆசிரியர் உண்டு. தேர்வுக்கு முதல் வாரம் கோட்டியில் வாங்கிய வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்து தேறும் மாணவர் உண்டு. மூலநூல் ஒன்றையும் தொடாமலே முதல் வகுப்பு வாங்கலாம் என்னும் இழிநிலையும் உண்டு. ஆயின் இக்குறைக்கு வேர் எது? விருப்பமில்லாதவரையே ஒரு வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அவ்வகுப்பு உறங்குகிறது என்று குறைகூறுதல் முறையா? நல்ல மாணவரை அனுப்புங்கள். வினாக் கேட்கும் மாணவரை அனுப்புங்கள். ஆசிரியர் தாமே விழிப்பார்.

இவ்வூரில் வாயில்களுக்கும் பஞ்சமில்லை. 1918இல் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு தோன்றிய உஸ்மானியாப் பல்கலைக்கழகம் இங்கே உள்ளது. தாய்நாட்டு மொழியில் உயர்கல்வி இயலும் என்று காட்ட, அதற்கென மொழிபெயர்ப்பு நிலையமே நிறுவி நூல்களை ஆக்கினர். தமிழில் உயர்கல்வி பற்றிப் பேசும் நாம் ஊன்றிக் கற்க வேண்டிய வரலாறு அது. 1974இல் தோன்றிய ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த கலைப்படிப்புகள் உள்ளன. கோட்டியில் பழைய பிரிட்டிஷ் ரெசிடென்சி வளாகத்திலேயே மகளிர் கல்வி நடைபெறுகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்புவோர்க்கு, 1982இல் இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக இங்குத் தோன்றி, இன்று அம்பேத்கர் பெயர் தாங்கி நிற்கும் நிலையம் உள்ளது. வாயில்கள் திறந்தே உள்ளன. அடைபட்டிருப்பவை நம் மனங்களே.

செய்ய வேண்டுவன

எல்லாப் பிள்ளைகளையும் கலைப்படிப்பில் தள்ளுங்கள் என்று யாம் கேட்கவில்லை. எந்திரம் விரும்பும் பிள்ளை எந்திரம் படிக்கட்டும். எம் தந்தையார் வாழ்நாள் முழுதும் போற்றிய தொழில் அது. யாம் கேட்பவை மூன்றே.

பெற்றோரே! கலைப்படிப்பை விரும்பிக் கேட்கும் பிள்ளையிடம் முதலில் காரணம் கேளுங்கள். பின்பு மறுப்பதாயின் மறுங்கள். கேட்காமல் மறுக்காதீர்கள்.

உறவினரே! 'பரவாயில்லை' என்னும் சொல்லை விட்டொழியுங்கள். 'எந்தப் பாடம், எந்தக் கல்லூரி, என்ன நூல் படிக்கிறாய்' என்று கேளுங்கள்.

சங்கப் பெரியோரே! ஆண்டுதோறும் மதிப்பெண்ணுக்குப் பரிசு தருகிறீர்கள்; மகிழ்ச்சி. அவற்றுள் ஒன்றை வரலாறோ, மொழியோ, சமூகமோ விரும்பிப் பயிலும் மாணவர்க்கு ஒதுக்குங்கள். அம்மாணவரிடம் ஒரு பணியையும் ஒப்படையுங்கள்: ஓராண்டில் இவ்வூர்த் தமிழ் முதியோர் பத்துப் பேரின் வாழ்க்கையைக் கேட்டு எழுதித் தரட்டும். பத்தாண்டில் நூறு பேரின் வாழ்வு நம் கையில் இருக்கும். அத்தகைய மலரைவிடச் சிறந்த மலர் எது?

எம் மகளின் விண்ணப்பத்தில் யாம் கையொப்பமிட்டோம். பாடப்பிரிவு என்ற கட்டத்தில் அவளே தன் கையால் நிரப்பினாள். முதலில் எழுதியது வரலாறு. எம் உறவினர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்றார். "பி.ஏ." என்றோம். வழக்கமான அந்தச் சிறு அமைதி மறுமுனையில் எழுந்தது. அவர் 'பரவாயில்லை' என்று தொடங்குமுன் யாமே சொன்னோம்: "கேட்டு வாங்கிச் சேர்ந்திருக்கிறாள்."